ஃபெர்மியின் மாணவர் எண்ணிய ஃபிரிட்ஜுகள்

1973 நவம்பர். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திவிட, அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் வரிசைகட்டி நின்ற சமயம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பெர்க்லி ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய இயற்பியலாளர் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் மனக்கணக்கு ஒன்று போட்டார். தன் அறை விளக்குகள் திங்கள் காலை வரை எரிய, மின் நிலையத்தில் செலவாகும் எரிவாயு சுமார் 19 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அந்தத் தளத்தில் அப்படி 20 அறைகள். அணைக்கப் போனால் சுவிட்சுகளையே காணோம்! அலமாரிக்குப் பின்னால் சில, சுவரொட்டிக்கு அடியில் சில. தேடிப்பிடித்து அணைக்க 20 நிமிடமானது.

சாமானியரல்ல அவர். சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மியிடம் முனைவர் பட்டம் பெற்றவர். 1968இல் லூயிஸ் அல்வாரெஸுக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த துகள் ஆய்வுக் குழுவில் முக்கியப் புள்ளி. புதுத்துகள்களின் நிறையையும் ஆயுளையும் அட்டவணையாக்கி, விஞ்ஞானிகள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அட்டைகளாக வெளியிட்ட குழுவும் அவர் தொடங்கியதுதான். அப்பேர்ப்பட்டவர் 47 வயதில் துறை மாறி, விளக்கு, ஜன்னல், ஃபிரிட்ஜ் என்று இறங்கினார். சகாக்கள் சிலருக்கு இது இறக்கமாகவே தெரிந்திருக்கும். எனக்கென்னவோ அவர் தொழிலை மாற்றவில்லை, எண்ணும் பொருளைத்தான் மாற்றினார் என்று தோன்றுகிறது.

ஃபிரிட்ஜ் கதையையே பாருங்கள். அவருடைய மாணவர் டேவிட் கோல்ட்ஸ்டீன் கடைகளில் விற்ற ஃபிரிட்ஜுகளின் விலையையும் மின்செலவையும் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை! அதிக விலை கொடுத்தவருக்கு மின்சாரம் மிச்சமாகவில்லை; குறைவாகக் குடிக்கும் ஃபிரிட்ஜ் மலிவாகவும் கிடைத்தது. மின்சாரம் மலிவாக இருந்த காலத்தில் வெப்பக் காப்பைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் தயாரிப்பாளர்கள் கவலைப்படவில்லை. போதாக்குறைக்கு, கதவோரம் வியர்க்காமலிருக்கக் குளிர்பெட்டிக்குள்ளேயே சூடேற்றும் கம்பிகள் வேறு.

அப்போது சன்டெசர்ட் என்ற அணுமின் நிலையத் திட்டம் கலிஃபோர்னியாவில் பரிசீலனையில் இருந்தது. ஃபிரிட்ஜுகளுக்குத் தரக்கட்டுப்பாடு விதித்தாலே இவ்வளவு பெரிய நிலையம் தேவைப்படாது என்று ஆளுநர் ஜெர்ரி பிரவுனிடம் எடுத்துச் சொன்னார் ரோசன்ஃபெல்ட். தரக்கட்டுப்பாடு வந்தது. நிலையம் வரவில்லை, அதற்கு அணுக்கழிவுச் சட்டம் போன்ற வேறு காரணங்களும் உண்டு. 1974இல் ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் குடித்த சராசரி ஃபிரிட்ஜ், 2001இன் தேசியத் தரநிலைப்படி 500 யூனிட்டுக்கும் கீழே இறங்கியது. இத்தனைக்கும் அளவு பெருத்தது, விலை சரிந்தது.

2000 முதல் பத்தாண்டுகள் ரோசன்ஃபெல்ட் மாநில எரிசக்தி ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். 2010இல் அவர் பெயராலேயே ஓர் அலகை விஞ்ஞானிகள் முன்மொழிந்தார்கள்: ஒரு ரோசன்ஃபெல்ட் என்பது ஆண்டுக்கு 300 கோடி யூனிட் சேமிப்பு, அதாவது 500 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்றின் ஓராண்டு உற்பத்தி.

கலிஃபோர்னியாவில் தலைக்கு மின்நுகர்வு 1970களுக்குப் பின் ஏறக்குறைய ஏறவே இல்லை. நாட்டின் மற்றப் பகுதிகளில் ஏறிக்கொண்டே போனது. இந்தப் பெருமை முழுவதையும் அவருக்குக் கொடுக்கப் பொருளாதார அறிஞர்கள் சிலர் மறுக்கிறார்கள். இதமான வானிலையும் தொழில் அமைப்பும்கூடக் காரணம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஃபிரிட்ஜ் கணக்கை வானிலை தொடாது. அது நாடு முழுக்க, எல்லா வீட்டுச் சமையலறையிலும் நடந்தது.