சட்டம் வந்தது, பிரம்பும் இருந்தது

1929 என்றதும் ஏதோ ஆண்டு என்று நினைக்க வேண்டாம். சிறுவர் துன்புறுத்தலை முறையிட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நடத்துற தொலைபேசி இலக்கம் அது. தமிழிலயும் கதைக்கலாம். அதுக்குப் பின்னால பெரிய தாமதம் ஒன்று இருக்கு.

பிரித்தானியர் காலத்து, 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றம் என்றது. அதே பிரிவிலேயே பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையையும் விட்டுவைத்தது. வகுப்பறையில் பிரம்பு அவ்வளவு காலம் நின்றதுக்கு எங்கட பழக்கத்தை மட்டும் குறை சொல்லேலாது. சட்டமும் இடம் குடுத்தது.

இன்னொன்று நம்பவே கஷ்டம். பாலியல் குற்றச் சட்டத்தில் பெண்பிள்ளையின் சம்மத வயது 1995 வரை 12! சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று, நாலு வருசம் கழிச்சுத்தான் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி அதை 16 ஆக்கினவை.

1996இல் ஜனாதிபதி செயலணி, 1998இல் அதிகார சபைக்கான சட்டம். நன்னடத்தைத் திணைக்களம் முன்னமே இருந்ததுதான். ஆனா துன்புறுத்தலைத் தடுக்கவென்றே ஒரு சபை வர, 1939இலிருந்து 59 வருசம் போயிட்டுது.

துன்புறுத்துறவர் வீட்டுக்குள்ளயே இருந்தா, ஃபோனும் அவரிட கையில இருக்கலாம். அயலவர் அழைச்சாலும் 1929 முறைப்பாட்டை எடுக்கும்.