பாம்பின் இரை

பாம்பு உயிருள்ள இரையையன்றி வேறொன்றையும் தீண்டாது என்பது நெடுங்காலம் நிலவிவந்த ஒரு நம்பிக்கை. செத்த எலியை அதன் முன் போட்டால் பட்டினி கிடந்து மடியுமேயன்றி வாய் வைக்காது என்று பாம்பு வளர்த்தோரும் சொன்னார்கள். பாம்பின் பெயரைக் கேட்டாலே எட்டி நிற்போரும் சொன்னார்கள். இன்றோ, மேலைநாடுகளில் வீடுகளிலே வளர்க்கப்படும் பாம்புகளிற் பெருந்தொகையானவை, உறையவைத்துப் பின்னர் பனி நீக்கி வெதுவெதுப்பாக்கிய எலியை உண்டே வாழ்கின்றன. அந்த நம்பிக்கை எவ்வாறு வேரூன்றியது, யார் அதனைச் சோதித்தார், எவ்வாறு அது கைவிடப்பட்டது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இவ் வரலாற்றின் பெரும்பகுதி இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது. 1826 இல் நிறுவப்பெற்ற விலங்கியற் கழகம், இரண்டாண்டுகளின் பின் றீஜன்ற் பூங்காவிலே தன் தோட்டத்தைத் திறந்தது. 1847 வரை அது பெரும்பாலும் கழக அங்கத்தவர்க்கும் அவர்தம் நண்பர்க்குமே உரியதாயிருந்தது. பின்னரே காசு கொடுத்த எவரும் உள்ளே நுழையலாயினர். 1849 இல் அங்கே ஊர்வனவற்றுக்கெனத் தனி மனையொன்று அமைக்கப்பட்டது. உலகிலே இவ்வகையில் அதுவே முதலாவது. கண்ணாடிக்குப் பின்னால் நாகமும் மலைப்பாம்பும் கிடப்பதைக் காணச் சனங்கள் திரண்டனர். இரை போடும் வேளையென்றால் கூட்டம் மேலும் பெருகும். உயிருள்ள முயலையும் கினிப்பன்றியையும் பறவையையும் கூட்டினுள் விடுவர். பாம்பு பற்றுவதையும் சுற்றி இறுக்குவதையும் விழுங்குவதையும் பெரியவரும் சிறுவரும் நின்று பார்ப்பர். கல்வி என்று சிலர் சொல்லிக்கொண்டனர். வேடிக்கை என்பதே பொருத்தமான சொல்லென்று நான் கருதுகிறேன்.

அந்த மனையின் முற்கால வரலாற்றிலே இரு நிகழ்ச்சிகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று துயரமானது. 1852 ஒக்ரோபரில், எட்வேட் கேளிங் என்னும் காவலாளி இரவெல்லாம் நண்பரோடு மது அருந்திவிட்டுக் காலையில் வேலைக்கு வந்து, பாம்பாட்டிபோல் தன்னைப் பாவித்து நாகத்தைக் கையில் எடுத்தான். அது அவன் மூக்கிலே கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசென்றும் அவன் உயிர் தங்கவில்லை. மற்றையது நகைப்புக்குரியது. ஏறக்குறைய அதே காலத்தில் அங்கிருந்த பெரும் போவாப் பாம்பொன்று, குளிருக்கென விரித்துவைத்த தன் கம்பளியையே விழுங்கிவிட்டது. சில வாரங்கள் கழித்து, ஊறி உருக்குலைந்த கம்பளி வெளியே வந்தது. இச்செய்தியைப் பத்திரிகைகளும் நூல்களும் விந்தையாக எடுத்தோதின. ஆயினும் அதிலே மறைந்துகிடந்த பாடத்தை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கம்பளிக்கு உயிர் உண்டோ? அது துள்ளி ஓடுமோ? இளஞ்சூடும் முயலின் வாடையும் பொருந்திய ஒரு பொருளைப் பாம்பு வாயிலே கவ்வியது. கவ்வியதை விழுங்கத் தொடங்கியது. அவ்வளவே. உயிருள்ளதைத்தான் உண்ணும் என்ற கூற்றுக்கு எதிரான சான்று கூட்டிற்குள்ளேயே கிடந்தபோதும், அக் கூற்று மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செலுத்திற்று.

எதிர்ப்புக் குரல் எழாமலில்லை. நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் தற்செயலாக இரையிடும் வேளையில் அங்கே சென்று அக் காட்சியைக் கண்டார். கண்டதை மறக்க முடியாமல், தாம் எழுதிக்கொண்டிருக்கும் மேசையின் கால்களிலேயே பாம்புகள் ஏறி வருவதுபோல் தோன்றுகிறதென நண்பர் ஜோன் போஸ்ரருக்குக் கடிதம் வரைந்தார். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1824 ஆம் ஆண்டிலேயே அந் நாட்டில் தோன்றியிருந்தமையால், இத்தகைய உணர்ச்சிக்குச் செவிசாய்ப்போரும் இருந்தனர். பத்திரிகைகளிற் கண்டனக் கடிதங்கள் வெளிவந்தன. கழகத்தாரின் மறுமொழி எப்போதும் ஒன்றே: இயற்கை அவ்வாறு விதித்திருக்கிறது, உயிருள்ள இரை இல்லையேல் பாம்புகள் இறந்துபடும். காலப்போக்கில் இரையிடுதல் பொதுமக்களின் கண்ணிலிருந்து மறைக்கப்பட்டது. முயலின் நிலையில் இதனால் யாதொரு மாற்றமும் ஏற்படவில்லை. பார்ப்போரின் மனவேதனை மட்டுமே தவிர்க்கப்பட்டது.

1903 இல் கழகத்தின் செயலாளராகப் பீற்றர் சாமேஸ் மிற்செல் தெரிவு செய்யப்பட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் அப் பதவியில் இருந்து, விப்ஸ்னேட்டிலே பரந்த வெளியில் விலங்குகளை வைத்துக் காக்கும் பூங்காவை 1931 இல் திறந்துவைத்தவர் இவரே. அடுத்த ஆண்டு றெஜினல்ட் பொக்கொக் என்பவர் தோட்டத்தின் மேற்பார்வையாளராக வந்து சேர்ந்தார். இவ்விருவரும் பழைய வாதத்தை வாதத்தால் எதிர்க்கவில்லை, சோதித்துப் பார்த்தனர். கொன்ற இரையைப் பாம்புகளுக்குக் கொடுத்துக் கவனித்தனர். அவற்றுட் பெரும்பாலானவை தயக்கமின்றி ஏற்றுக்கொண்டன. சிறைப்பட்ட ஊர்வனவற்றுக்கு உணவூட்டல் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1907 இல் கழகத்தின் நடவடிக்கை ஏட்டிலே வெளியாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெரியோர் பலர் உறுதியாகச் சொல்லிவந்த ஒன்று, செத்த எலிகளாலும் சிறிது பொறுமையாலும் பொய்யென நிறுவப்பட்டது.

அக் கட்டுரையின் மறுபாதியும் நம் சிந்தனைக்குரியது. ஏனைய விலங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சுகின்றனவா என்பதையும் அவர்கள் ஆராய்ந்தனர். இதற்கு முன்னரே சாள்ஸ் டார்வின், பஞ்சடைத்த பாம்பொன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அதே தோட்டத்தின் குரங்கு மனைக்குச் சென்று, அங்கே எழுந்த அமளியை 1871 இல் வெளிவந்த தமது நூலிலே வருணித்திருந்தார். மிற்செலும் பொக்கொக்கும் உயிருள்ள பாம்பையே பல்வேறு விலங்குகளுக்குக் காட்டினர். குரங்குகள் அலறிக்கொண்டு ஓடின. ஆனால் லீமர் என்னும் குரங்கினத்து உறவுகள் அஞ்சவில்லை. முயலும் கினிப்பன்றியும் எலியும் பாம்பைப் பொருட்படுத்தியதாகவே தோன்றவில்லை. அதன் மேலேயே ஏறிச் செல்லவும் செய்தன. டிக்கின்ஸ் போன்றோர் முயலின் கண்ணிலே கண்ட பேரச்சம், பெரும்பாலும் குரங்கின் வழிவந்த நம்முடைய அச்சமே என்பது இதனால் ஒருவாறு புலப்பட்டது. தமது சீர்திருத்தத்துக்குப் பாதகமாகக் கொள்ளப்படக்கூடிய இம் முடிவை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. அந்த நேர்மை எனக்கு மிகவும் உவப்பானது. இரைக்கு முன்னச்சம் இல்லையெனினும், இறுக்குண்டு சாகும் வேதனை இல்லையென்றாகாது; விரைவாகக் கொன்று கொடுக்க வழியிருக்கையில் அவ் வேதனையை ஏன் விளைவிக்க வேண்டும்? மிற்செலின் காலத்தில் இலண்டனிற் கொன்ற இரை கொடுப்பதே வழக்கமாயிற்று.

பாம்பு ஏன் இவ்வாறு இணங்குகின்றது என்பதற்கு விளக்கம் பின்னரே கிடைத்தது. பாம்பின் உலகம் நம்முடைய உலகம் போன்றதன்று. பிளவுண்ட நாவினால் அது காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகள்களை ஏந்தி, மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்புக்குக் கொடுக்கின்றது. யாக்கொப்சன் என்னும் தேனிய அறிஞரின் பெயரால் அது வழங்குகின்றது. 1960 களில் கோடன் பேர்காட் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பிறந்து இன்னும் எதனையும் உண்டறியாத காட்டர் பாம்புக் குட்டிகளின் முன், மண்புழுவின் சாற்றிலும் மீனின் சாற்றிலும் தோய்த்த பஞ்சை நீட்டினார். குட்டிகள் பஞ்சைத் தாக்கின! மலைப்பாம்புகள் பலவற்றுக்கு உதட்டிலும், கிலுகிலுப்பைப் பாம்பு போன்ற குழிவிரியன்களுக்குக் கண்ணுக்கும் நாசிக்கும் இடையிலும் சிறு குழிகள் உள்ளன. அவை வெப்பத்தை உணரும் உறுப்புக்கள் என்பதை 1937 இல் நோபிளும் சிமிற்றும் காட்டினர். கண்ணை மறைத்த பாம்புகள், துணி சுற்றிய மின்குமிழ்களுள் சூடானதையே தேடித் தாக்கின. 1952 இல் புல்லொக், கௌல்ஸ் என்போர் அக் குழியிலிருந்து செல்லும் நரம்பின் துடிப்பை அளந்து இதனை ஐயமற நிறுவினர். மணமும் சூடும் அசைவும் பொருந்தினால் பாம்புக்கு அது இரை. கம்பளி விழுங்கிய போவாவின் கதை இப்போது நமக்கு விளங்குகின்றதல்லவா?

இனி உறைந்த எலிக்கு வருவோம். கொன்ற இரை கொடுப்பதென்றால் அன்றன்றே கொல்ல வேண்டும். மிருகக்காட்சிச்சாலைக்கு அது இயலும். ஒற்றைப் பாம்பு வளர்க்கும் வீட்டுக்காரருக்கு எளிதன்று. இந்தத் தடையை நீக்கியது பாம்போடு யாதொரு தொடர்புமற்ற ஒரு கைத்தொழில். லாபிரடோரின் பனிவெளியிலே, பிடித்த மீன் நொடியில் உறைந்துபோவதையும், மாதங்கள் கழித்தும் சுவை கெடாதிருப்பதையும் கண்டவர் கிளாரன்ஸ் பேட்சை. அவர் 1920 களில் விரைந்து உறையவைக்கும் பொறியை அமைத்தார். 1930 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் நகரக் கடைகளில் உறைந்த உணவு முதன்முதல் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் உறைகுளிர்ப் பெட்டி வீடுதோறும் புகுந்தது. ஆய்வுகூடங்களின் தேவைக்காக எலிகளைப் பெருந்தொகையிற் பெருக்கும் முறையும் இதற்குள் தேர்ச்சி பெற்றிருந்தது. இவையெல்லாம் ஒன்றுசேர்ந்தபோது, காபனீரொட்சைட்டு வாயுவினாற் கொல்லப்பட்டு, அளவு வாரியாகப் பிரித்துப் பொதிசெய்யப்பட்ட உறைந்த எலி ஒரு வணிகப் பொருளாயிற்று.

உயிருள்ள இரைக்குப் பழகிய பாம்பை இதற்கு மாற்றுவது பொறுமையை வேண்டும் வேலை. உயிர் எலியிலிருந்து அப்போதே கொன்ற எலிக்கும், அதிலிருந்து உறைந்து இளகிய எலிக்கும் படிப்படியாக வருவது வழக்கம். குளிர்சாதனப் பெட்டியிலே இரவு முழுவதும் வைத்து இளகச் செய்து, பின்னர் வெந்நீரில் இட்டு, எலியின் உடற்சூடாகிய ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்குக் கொண்டுவருவர். நுண்ணலை அடுப்பிலே சுடவைத்தால் உள்ளொரு சூடு, வெளியொரு சூடாகி எலி வெடித்தும் போகும். நீண்ட குறட்டினாற் பிடித்து, அந்தி வேளையில், மங்கிய ஒளியில் மெல்ல அசைப்பர். பல்லியை விரும்பும் குட்டிப் பாம்பாயின் எலிக்குஞ்சின் மேற் பல்லியைத் தேய்த்து மணம் ஏற்றுவதும் உண்டு. ஒருமுறை மறுத்தால் எடுத்துவிட்டுச் சில நாள் கழித்து மீண்டும் முயல்வர். வாயைத் திறந்து திணிப்பது கடைசி வழி, கைதேர்ந்தவர்க்கே உரியது. மேற்காபிரிக்காவின் அரச மலைப்பாம்பு இவ்விடயத்திற் பேர்போன பிடிவாதக்காரன். உடல்நலம் கெடாமலே மாதக்கணக்கில் உபவாசம் இருந்து, வளர்ப்போரைக் கலங்கவைக்கும்.

இம் மாற்றத்தால் நன்மை பெற்றது எலி மட்டுமன்று. கூட்டிலே விடப்பட்ட உயிருள்ள எலி, பாம்புக்குப் பசியில்லாத வேளையில் அதனையே கடித்துக் குதறிவிடும். முதுகெலும்பு தெரியும்வரை தின்னப்பட்ட பாம்புகளையும் விலங்கு வைத்தியர் கண்டிருக்கின்றனர். காட்டிலே பாம்பு விலகிச் செல்லலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கே விலகுவது? இயற்கையின் விதி என்று அன்று கழகத்தார் கூறிய மறுமொழியின் குறைபாடு இதுவே. பெட்டியும் அதனுள் விடப்பட்ட முயலும் இயற்கையின் ஏற்பாடுகளல்ல. இரண்டையும் வைத்தவன் மனிதன்.

ஆயினும் உறைந்த உணவு குற்றமற்றதென்றும் கொள்ளற்க. உறைதலால் ஒட்டுண்ணிகள் பல மடியும். ஆனால் சல்மொனெல்லாக் கிருமி மடியாது. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பலர் நோயுற்றபோது, பாம்புக்கென வாங்கிய உறைந்த எலிகளே காரணமெனக் கண்டறியப்பட்டது. குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டனர். சமையலறையில் எலியை இளகவைக்கலாகாது, தொட்டபின் கையைக் கழுவ வேண்டும் என்ற அறிவுரை அதன்பின் வலியுறுத்தப்பட்டது. மீன் தின்னும் காட்டர் பாம்புகளுக்கு வேறொரு கேடு நேர்ந்தது. சிலவகை மீன்களில் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டு. உறைந்து கிடக்கையிலும் அதன் வேலை முற்றாக நிற்பதில்லை. அத்தகைய மீனையே தொடர்ந்து உண்ட பாம்புகள் வலிப்புற்று வீழ்ந்தன. அப்பொருளை அழிக்க மீனைச் சூடாக்கவேண்டும். அல்லது வேறு உணவு தேடவேண்டும்.

சட்டம் எப்போதும்போல் மெதுவாகவே நடந்தது. பிரித்தானியாவில் 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் உயிர் இரையைப் பெயர்சொல்லித் தடுக்கவில்லை. எனினும் மனிதரின் பொறுப்பிலுள்ள முதுகெலும்புடைய விலங்கு எதற்கும் அது பொருந்துவதால், இரையாக விடப்படும் எலியும் அதன் காவலுக்குள் அடங்குகின்றது.

இன்னும் எஞ்சி நிற்பன இயல்பிலேயே ஒருவகை உணவையன்றி ஏற்காத பாம்புகள். ஆபிரிக்காவின் முட்டை தின்னும் பாம்புக்கு எலியைச் சூடாக்கினாலென்ன, ஆட்டினாலென்ன? பல்லே இல்லையெனத்தக்க அதன் வாய் முட்டைக்கென அமைந்தது. இராச நாகமோ பிற பாம்புகளைத் தின்பது. அதற்காகப் பாம்புகளைத் தேடிப் பிடிப்பது மிருகக்காட்சிச்சாலைகளுக்குத் தீராத தொல்லையாயிருந்தது. செத்த எலியின் மேற் பாம்பின் மணத்தை ஏற்றிக் கொடுத்து, வாரத்துக்கு வாரம் அம் மணத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஈற்றிலே வெறும் எலியையே உண்ணுமாறு சில இராச நாகங்களைக் காவலாளர் பழக்கியிருக்கின்றனர். மற்றுஞ் சில இன்றுவரை இணங்கவில்லை. அவற்றுக்கும் செத்த பாம்பையே உறைகுளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்து, இளகவைத்துக் கொடுக்கின்றார்கள்.