டிரிங்கோமலி என்றொரு கப்பல்

திருக்கோணமலைத் துறைமுகத்தை நாம் அறிவோம். அதன் பெயரைச் சுமந்த கப்பலை அறிந்தோர் சிலரே. பம்பாயில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சித் தலைமை ஓடாவி, பிரித்தானியக் கடற்படைக்காகத் தேக்கு மரத்தால் கட்டி, 1817 ஒக்டோபர் 12இல் நீரில் இறக்கிய போர்க்கப்பல் 'டிரிங்கோமலி'. இங்கிலாந்தின் ஹாட்ல்பூலில் இன்றும் மிதக்கிறது.

கல்முனையில் அதன் மாதிரியை 48இல் ஒரு பங்காகச் செய்துவருகிறேன். ஓர் அடி கால் அங்குலமாகும். 150 அடிப் பீரங்கித்தளம் மூன்றடிக்குச் சற்று மேல் வரும். ஏராக்கட்டையில் வங்குகளை நிறுத்தி, மெல்லிய பலகைகளை நீரில் ஊறவைத்து வளைத்து ஒட்டவேண்டும். முகப்பு வளைவில்தான் பொறுமை சோதிக்கப்படும்.

நேயர்களே, இக்கப்பலுக்கான வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா', 1812 இறுதியில் அமெரிக்கரின் 'கொன்ஸ்டிடியூஷன்' கப்பலிடம் தோற்று, பின்னர் எரிக்கப்பட்டது. கடதாசியும் போயிற்று! மறுபடி வரைபடம் வந்த பின்னரே பம்பாயில் வேலை தொடங்கிற்று. அப்படி அளவுகள் ஏட்டில் இருப்பதால்தான் 200 வருடங்கள் கழித்து என் மேசையில் அது எழுகிறது.

எங்கள் கரைத் தோணிகளுக்கோ கடதாசி இல்லை. ஓடாவியின் கண்ணும் கையளவுமே கணக்கு. ஆங்கிலேயனின் போர்க்கப்பலை அளவு பிசகாமல் செய்யும் எனக்கு, என் வாப்பா காலத்துத் தோணியின் வயிற்று வளைவுக்கு அளவு கிடைக்கவில்லை. முதிய ஓடாவிகளிடம் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.