பற்றாசு: பொடி வைத்து ஊதியதும் சால்டர் வைத்ததும்

சால்டரிங் என்பதற்குத் தமிழில் என்ன சொல்? பேட்டரி கம்பி ஒன்றில் மஞ்சள் நிற எக்ஸ்டி60 கனெக்டரை வைத்துக்கொண்டிருந்தபோது வந்த சந்தேகம் இது. "பத்த வைக்கிறது"ன்னு சொல்லலாம். ஆனால் வெல்டிங்கும் அதுதானே? கடையில் "சால்டர் வைக்கிறது", "ஈயம் வைக்கிறது" என்பார்கள். சால்டர் கம்பிக்கு "லெட்" என்று பெயர். தேடிப் பார்த்தால் இதற்கென்றே ஒரு பழைய சொல் இருக்கிறது: பற்றாசு. சுருக்கமாக ஆசு. அது கிடைத்த இடம்தான் வேடிக்கை. பட்டறைக் குறிப்பிலோ சித்த மருத்துவ ஏட்டிலோ இல்லை, யாப்பிலக்கணத்தில்!

நேரிசை வெண்பாவில் ஒரு வகை உண்டு, ஆசிடை நேரிசை வெண்பா. முதலில் குறள் போல ஒன்றே முக்கால் அடி வரும். அதன் பிறகு வருகிற தனிச்சொல் சில சமயம் ஓசையில் ஒட்டாமல் தனித்து நிற்கும். அந்த இடைவெளியை மூட ஓர் அசையோ இரண்டு அசையோ சேர்ப்பார்கள். அந்தச் சேர்மானத்துக்குப் பெயர் ஆசு. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகைக்கு உரை எழுதிய குணசாகரர், உலோகத்தைப் பற்றாசு கொண்டு பொருத்துவதோடு இதை ஒப்பிடுகிறார். ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன்பு, இலக்கணம் படிக்கிற மாணவனுக்குப் புரியட்டும் என்று ஓர் ஆசிரியர் சால்டரிங்கை உதாரணமாகக் காட்டியிருக்கிறார். அப்படியென்றால் அது படிக்கிற பையன் தெருவில் பார்த்த வேலையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது அளவு. ஒன்று அல்லது இரண்டு அசைதான். அதற்கு மேல் போட்டால் வெண்பாவே கெட்டுப்போகும். (ஆசு என்றால் குற்றம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது.)

வெண்காரமும் நவச்சாரமும்

திருநெல்வேலி டவுனில் நகை ஆசாரி வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். உமியும் கரியும் கனலும் சட்டி, வாயில் ஊதுகுழல். இருபோகம் நெல் விளையும் ஆற்றங்கரையில் உமிக்கு என்ன பஞ்சம்! இரண்டு தங்கத் துண்டுகளைச் சேர்க்க ஆசாரி வைப்பது "பொடி". தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் கலந்து, நகையைவிடக் குறைந்த சூட்டில் உருகும்படி செய்தது அது. சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும். பொடி அதற்கு வெகு முன்பே உருகிவிடும். கூடவே வெண்காரம் வைப்பார்கள். அது உருகி, சூட்டில் உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடைக் கரைத்து, பொடி பிடிக்க வழி விடும். பிறகு ஊதுவார்கள். பொடி உருகி இடுக்குக்குள் ஓடி மறைந்துவிடும்.

"பொடி வச்சுப் பேசுறான்"னு நாம் சொல்வது இதிலிருந்து வந்ததாகத்தான் விளக்குவார்கள். வெளியே தெரியாது, உள்ளே ஒன்று இருக்கும்.

இரண்டாவது ஆள் ஈயம் பூசுகிறவர். "பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ" என்ற குரல் கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும். அதனால் உள்பக்கம் வெள்ளீயம் பூச வேண்டும். துருத்தி அடித்துப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைப் போட்டால் வெள்ளைப் புகை எழும். ஈயத்தைத் தொட்டுவைத்துத் துணியால் ஒரு தேய்ப்பு, பாத்திரம் வெள்ளி போல மின்னும். வெண்காரம் நகைக்குச் செய்ததை நவச்சாரம் இங்கே செய்கிறது. வெண்காரம் உருகச் சுமார் 740 டிகிரி வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். இந்த வேலைக்கு வெண்காரம் உதவாது. சூட்டுக்கு ஏற்ற காரம் வேண்டும் என்பது இவர்கள் கைக்குத் தெரிந்த வேதியியல்.

பாபநாசத்து மின்சாரம், திருநெல்வேலி வானொலி

மூன்றாவது ஆள் வருவதற்கு மின்சாரம் வர வேண்டியிருந்தது. தாமிரபரணியில் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. அதற்கு முன்பே இலங்கை வானொலி இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். அன்று ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், தபால் ஆபீசில் பணம் கட்டணும். அப்படி வாங்கிய பெட்டி கெட்டுப்போனால் யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். ரேடியோ ரிப்பேர் கடைகள் வந்தன.

அந்தக் கடைகளில் குழல் இல்லை, கரி இல்லை. செம்பு முனை வைத்த மின்சார அயர்ன், தகரம்-காரீயம் கலந்த "லெட்", ஒரு டப்பாவில் ரோசின். ரோசின் என்பது பைன் மரப் பிசினில் இருந்து எடுப்பது. சூட்டில் லேசான அமிலமாக வேலை செய்யும், ஆறியதும் கெட்டியாகிச் சும்மா இருந்துவிடும். நவச்சாரமோ, தகர வேலைக்காரர் வைத்திருக்கும் துத்தநாகக் குளோரைடோ அப்படிச் சும்மா இருக்காது. ஈரத்தை இழுத்து மெல்லிய செம்புக் கம்பியை மெல்ல மெல்லத் தின்னும். பாத்திரத்தைக் கழுவலாம், ரேடியோவைக் கழுவ முடியுமா? அதனால் மூன்றாவது தொழிலுக்கு மூன்றாவது காரம்.

ஆனால் முறை பழையதுதான். சுத்தம் செய், முதலில் இரண்டு பக்கமும் ஈயம் பூசு, பிறகு சேர். கடையில் சேரும் பையனுக்கு முதல் பாடம்: "ஈயத்தைச் சுடாத, கம்பியச் சுடு. ஈயம் தானா ஓடி வரும்." ஊதுகுழல்காரரும் இதைத்தான் செய்தார். பொடியை நோக்கி ஊதாமல் நகையைச் சுற்றிச் சுடரை ஓட்டுவார்.

ஈயம் ஏன் செம்பில் பிடிக்கிறது? அது வெறும் பசை இல்லை. உருகிய வெள்ளீயம் செம்போடு சேர்ந்து, இரண்டுக்கும் நடுவே சில மைக்ரான் தடிமனில் ஒரு புதுச் சேர்மத்தை உண்டாக்குகிறது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். இதே ஆற்றின் கரையில் ஆதிச்சநல்லூர் தாழிகளோடு கிடைத்த வெண்கலப் பொருள்களும் அந்த ஜோடிதான். நாம் வைக்கிற ஒவ்வொரு சால்டரும் அதற்குத் தூரத்து உறவு. அந்த அடுக்கு மெல்லிசாக இருந்தால் பலம். ரொம்ப நேரம் சுட்டால் தடித்து, நொறுங்க ஆரம்பிக்கும்.

இன்றைய மேசையில்

எக்ஸ்டி60-க்கு வருவோம். டிரோன், ரிமோட் கார் செய்பவர்கள் பேட்டரிக்குப் பயன்படுத்துவது. இங்கே ஆசு விதி அப்படியே பொருந்துகிறது. சால்டர், செம்பைவிட எட்டொன்பது மடங்கு மின்தடை உள்ளது. கம்பி கிண்ணத்தின் சுவரைத் தொட்டு நிற்க வேண்டும், ஈயம் மிச்ச இடைவெளியை மட்டும் நிரப்ப வேண்டும். கிண்ணம் நிறைய ஈயத்தை ஊற்றிக் கம்பியை அதில் மிதக்கவிட்டால் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் 20 ஆம்பியர் ஓடும்போது 0.01 ஓம் கூடுதல் தடை இருந்தால்கூட அந்த இடத்தில் 4 வாட் சூடு. நைலான் உடம்பு இளகப் போதும்.

இன்னொரு பக்கம், ஈயம் அதிகமானால் கம்பி இழைகளுக்குள் ஏறி இன்சுலேஷனுக்கு அடியில் போய்விடும். வளைய வேண்டிய இடம் விறைத்து, ஆடி ஆடி அங்கேயே அறும். அறுந்ததைப் பார்த்து "சால்டர் விட்டுப்போச்சு" என்போம். சால்டர் விடவில்லை, அதிகமாகிவிட்டது.

செய்முறை இவ்வளவுதான். சுருங்கும் குழாயை முதலிலேயே கம்பியில் கோத்துவிடுங்கள் (எல்லோரும் மறப்பது இதைத்தான்). கனெக்டரின் ஜோடியைச் செருகி வைத்துவிட்டுச் சுடுங்கள், நைலான் இளகினாலும் ஊசி நகராது. 60 வாட்டுக்குக் குறையாத அயர்ன், அகலமான முனை. சூடு குறைந்த அயர்னை ரொம்ப நேரம் வைப்பதுதான் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

பொடியில் என்ன இருக்கிறது

பற்றாசு மறைந்து போவதால் அதில் என்ன கலந்திருக்கிறது என்பதும் மறைந்து போகிறது. நகைத் தொழிலில் கேடிஎம் வந்தபோது இதுதான் நடந்தது. பழைய பொடி, நகையின் மாற்றைக் குறைத்தது. காட்மியம் கலந்த பற்றாசு அந்தக் குறையைத் தீர்த்தது. வாங்குபவருக்கு லாபம். ஆனால் ஊதும்போது எழும் காட்மியப் புகை ஆசாரியின் நுரையீரலுக்குப் போனது. அதனால்தான் அது விலக்கப்பட்டது.

நம் மேசையில் அந்த இடத்தில் இருப்பது காரீயம். ஈயம் என்ற ஒரே சொல்லில் இரண்டு உலோகம் ஒளிந்திருக்கிறது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், சமையலுக்கு ஏற்றது. ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்து உருக்கியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. கடையில் விற்கும் 60/40 சால்டரில் 40 பங்கு காரீயம். இது விஷம், குழந்தைகளுக்கு ரொம்ப. அயர்ன் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகக் குறைவு. கண்ணை எரிக்கிற புகை ரோசினுடையது, அது மூச்சைப் பாதிக்கும். காரீயம் உள்ளே போவது பெரும்பாலும் விரல் வழியாக. சால்டர் வைத்த கையோடு முறுக்கு எடுத்துக் கடிக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவணும். கம்பியைப் பல்லில் பிடிக்கவே கூடாது.

ஐரோப்பாவில் 2006 முதல், இந்தியாவில் 2014 முதல், புது மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மாற்றாக வந்த சால்டரில் பரவலான ஒரு வகை 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு. கிட்டத்தட்ட ஈயச் சொம்பேதான். 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும், 183-க்குப் பழகிய கைக்குக் கொஞ்சம் பிடிவாதமாகத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் விலை கூடினாலும் இதையே வாங்குங்கள். லேபிளில் "லெட் ஃப்ரீ" என்று இருக்கும். கடைக்காரரிடம் "லெட் வேணும்"னு கேட்டால் பழையதைத்தான் எடுத்துத் தருவார். காரீயம் இல்லாததுன்னு சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.