ரிப்போர்ட்டில் 'ஹெர்2 பாசிட்டிவ்' என்றால் என்ன? மார்பகப் புற்றுநோயை வளர்க்கும் புரதங்கள்

தாமல் போன்ற ஊர்களில் இருந்து காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனாலும் சரி, சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனாலும் சரி, மார்பகப் புற்றுநோய் உறுதியானவர்களின் ரிப்போர்ட்டில் இஆர், பிஆர், ஹெர்2 என்ற மூன்றும் இருக்கும். என்ன சிகிச்சை என்பதை முடிவு செய்வதில் இவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இவை என்ன?

மூன்றுமே ரிசப்டார் எனப்படும் புரதங்கள். செல்லுக்கு காலிங் பெல் மாதிரி. ஹார்மோனோ, வளர்ச்சிப் பொருளோ வந்து பெல்லை அழுத்தினால், 'வளரு, இரண்டாகப் பிரி' என்ற தகவல் செல்லின் உட்கருவுக்குப் போகும். வேலை முடிந்ததும் பெல் நின்றுவிடும்.

எங்கே சிக்கல்?

ஹெர்2 மரபணுவின் நகல்கள் அதிகமானால், செல்லின் மேல் ஹெர்2 புரதம் குவிந்துவிடும். அவை ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்து, யாரும் அழுத்தாமலேயே பெல் அடிக்க ஆரம்பிக்கும். செல்லும் பெருகிக்கொண்டே போகும். மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 சதவீதம் இந்த வகைதான்.

இஆர், பிஆர்?

இஆர் ஈஸ்ட்ரோஜனுக்கும், பிஆர் புரோஜெஸ்டிரோனுக்குமான ரிசப்டார்கள். சென்னையில் பிறந்த விஞ்ஞானி ஷியாமளா கோபாலன், அதாவது கமலா ஹாரிஸின் தாயார், மார்பகத் திசுவில் புரோஜெஸ்டிரோன் ரிசப்டார் குறித்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தவர்.

மருந்து எப்படி வேலை செய்யும்?

இஆர் பாசிட்டிவ் என்றால் டாமாக்சிஃபென் போன்ற மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹெர்2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி அந்தப் புரதத்தை மடக்கும். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, 2015-ல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. இதயத்தைப் பாதிக்க வாய்ப்பு உண்டு என்பதால் எக்கோ பரிசோதனை அவசியம்.

மூன்றும் நெகட்டிவ் என்றால் 'டிரிபிள் நெகட்டிவ்'. இதற்கு மேலே சொன்ன மருந்துகள் பலன் தராது. கீமோதெரபிதான் முக்கிய சிகிச்சை.

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்கணும்?

ஹெர்2-க்கு நேராக 3+ என்றால் பாசிட்டிவ். 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ். 2+ என்றால் முடிவாகவில்லை என்று அர்த்தம். 'ஃபிஷ்' என்ற மரபணுப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். அதனால் 2+ என்று பார்த்தால், 'ஃபிஷ் டெஸ்ட் எடுக்கணுமா?' என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.