துல்லியத்துக்கு ரேஷன்

தமிழ்ச் செய்திகளில் "தோட்டா பாய்ந்து இறந்தார்" என்று எழுதுவார்கள். தோட்டா பாயாது. பாய்வது குண்டு. தோட்டா என்பது முழு உருப்படி: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு குண்டு மட்டும் போகும். கூடு காலடியில் விழும். இது வாத்தியார்த்தனமான திருத்தம் மாதிரித் தோன்றலாம். ஆனா இந்த வித்தியாசம் தெரியாம இந்தக் கட்டுரை நகராது. நான் பேச வந்தது அந்தக் கடைசி வேலையைப் பற்றி: குண்டைக் கூட்டின் வாயில் வைத்து அழுத்தி உட்கார வைப்பது.

அதற்கான கருவியின் பெயர் சீட்டிங் டை. 22 மி.மீ. பருமனில், வெளியே மரை வெட்டிய எஃகுக் குழாய். பிரஸ்ஸின் தலையில் திருகி வைக்கணும். லீவரை இறக்கினா கூடு மேலே ஏறும். அதன் வாயில் நிற்கும் குண்டை டைக்குள் இருக்கும் தண்டு தடுக்கும். கூடு மேலும் ஏற ஏற, குண்டு கழுத்துக்குள் இறங்கும். அவ்வளவுதான் வேலை. சுட்ட கூட்டைப் பொறுக்கி வந்து வீட்டு மேசையில் மறுபடி நிரப்புவது அமெரிக்காவில் ரொம்பப் பழைய பழக்கம். 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் கம்பெனி இதற்காகக் குறடு வடிவத்தில் ஒரு கைக்கருவி விற்றது. 1943இல், போரால் சரக்கு கிடைக்காத நேரத்தில், கலிபோர்னியாவின் ஓரோவில் ஊர்க்காரர் பிரெட் ஹன்டிங்டன், சின்ன .22 தோட்டாவின் காலிக் கூட்டையே மேலுறையாக்கிக் குண்டு செய்யும் டை ஒன்றை உருவாக்கினார். 'ராக் சக்' என்று அங்கே சொல்லும் ஒரு மலை அணிலைச் சுடுவதற்கான குண்டு. இன்றைக்கும் இருக்கிற ஆர்.சி.பி.எஸ். கம்பெனியின் பெயர் அந்த அணிலிலிருந்து வந்ததுதான்.

டை எதை வாங்குவது என்பதில் அந்த ஊர்க்காரர்கள் மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். எனக்குப் பிரஸ் டூல்களோடுதான் பிழைப்பு என்பதால் அந்தச் சண்டை புரிகிறது. துப்பாக்கிக் குழலுக்குள் திருகு போல வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டைச் சுழல வைப்பவை அவைதான். குண்டு கூட்டில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அந்தப் பள்ளத்துக்குள் சாய்வாகவே நுழையும், சாய்வாகவே சுழலும். தோட்டாவை உருட்டி, குண்டின் மேல் டயல் கேஜை வைத்து ஆட்டத்தை அளக்கலாம். முள் 0.003 அங்குலத்துக்குள் ஆடினால் நல்ல தோட்டா என்பார்கள். அதாவது 0.075 மி.மீ., ஒரு தலைமுடியின் பருமன். மலிவான டையில் கூடு உள்ளே தளர்வாக நிற்கும், குண்டு விதிப்படி இறங்கும். நல்ல டையில் ஸ்பிரிங்கில் நிற்கும் ஒரு ஸ்லீவ் இருக்கும். தண்டு தொடும் முன்பே அது கூட்டையும் குண்டையும் ஒரே அச்சில் பிடித்துக்கொள்ளும். தண்டும் குண்டின் நுனியை அழுத்தக் கூடாது, பக்க வளைவைத்தான் பிடிக்கணும். நுனி குண்டுக்குக் குண்டு மாறும். ஆழத்தைத் திருகி வைக்க மேலே மைக்ரோமீட்டர் தலை வைத்த டைகளுக்குத்தான் விலையும் விளம்பரமும் அதிகம். என்னைக் கேட்டால் காசு ஸ்லீவுக்குக் கொடுக்கலாம், தலைக்கு வேண்டாம். முந்தைய வேலையிலேயே கூட்டின் கழுத்து கோணிப்போயிருந்தால் இரண்டுமே காப்பாற்றாது என்பது வேறு கதை.

சரி, இந்த வேலை யார் கையில் இருந்தது? அங்கேதான் நம்ம ஊர் வரலாறு உள்ளே வருகிறது.

1857இல் அது சிப்பாயின் வாயில் இருந்தது. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா வெறும் காகிதப் பொட்டலம். பல்லால் கடித்துப் பிரிக்கணும், மருந்தைக் குழல்வாயில் கொட்டணும், பொட்டலத்தைத் திருப்பி, கொழுப்பு தடவிய குண்டுப்பக்கத்தை உள்ளே விட்டு, கம்பியால் இடித்து இறக்கணும். சீட்டிங் டை என்று தனியாக ஒன்று இல்லை. பல்லும் கையும்தான் டை. அந்தக் கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற பேச்சு கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதசாலையிலிருந்து அந்த ஆண்டு சனவரியில் கிளம்பியது. கம்பெனி இறங்கி வந்தது: உங்கள் கொழுப்பை நீங்களே தடவிக்கொள்ளுங்கள், கடிக்க வேண்டாம், கையால் கிழிங்க. எஞ்சினியர் மூளைக்குத் தோன்றும் சரியான தீர்வுதான். எடுபடலை. மீரட்டில் ஏப்ரல் 24 அன்று அணிவகுப்புக்கு அழைக்கப்பட்ட 90 குதிரைப்படையினரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் கலகம் வெடித்தது.

பள்ளிப் பாடம் இதோடு நின்றுவிடும். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அதற்கப்புறம் நடந்தது. 1858 மாதிரி என்று இந்தியப் படைகளுக்காகவே ஒரு துப்பாக்கி செய்தார்கள். வெளியே பார்த்தால் அதே என்ஃபீல்டு. குழலுக்குள் மட்டும் வரிப்பள்ளம் கிடையாது, வழவழவென்று இருக்கும். யோசிச்சுப் பாருங்க. பள்ளம் வெட்டும் எந்திரம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், ஆனாலும் வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். வெள்ளைச் சிப்பாய் பல நூறு கஜம் தள்ளிக் குறிபார்ப்பான். பக்கத்தில் நிற்கும் இந்தியச் சிப்பாயின் குறி நூறு கஜத்தைத் தாண்டினால் நம்ப முடியாது. துப்பாக்கி கொடுத்தாகணும், இல்லாட்டி சாம்ராஜ்யம் நடக்காது. அதனால் துல்லியத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ரேஷன் கடையில் அளந்து ஊற்றுகிற மாதிரி.

1866இல் கர்னல் பாக்ஸரின் பித்தளைத் தோட்டா வந்ததும் குண்டு பொருத்தும் வேலை சிப்பாயின் கையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனது. அப்புறம் .303 வந்தது. அதற்கான மருந்து கார்டைட், சேமியா மாதிரி இழையிழையாக இருக்கும். கூட்டின் கழுத்தை ஒடுக்குவதற்கு முன்பே இழைக்கட்டை உள்ளே வைத்து, பிறகுதான் கழுத்தைச் சுருக்கிக் குண்டைப் பொருத்துவார்கள். வீட்டு மேசையில் நடக்காத வரிசை இது. இந்தியாவுக்கான கார்டைட் ஆலை 1903இல் நிறுவப்பட்ட இடம் குன்னூர் பக்கத்து அருவங்காடு. ஊட்டி ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். நீலகிரி என்றால் தேயிலை என்றே எழுதிப் பழகிவிட்டோம். நைட்ரோகிளிசரினும் அந்த மலையின் விளைச்சல்தான்.

சிங்கப்பூர் 1867 வரை இந்திய அரசின் கீழ் இருந்த ஊர். இங்கே காவலுக்கு நின்றதில் பெரும்பகுதி மதராஸ் காலாட்படை. அவர்கள் குடியிருந்த இடத்துக்கு சிப்பாய் லைன்ஸ் என்றே பெயர். தேக்காவிலிருந்து எம்.ஆர்.டி.யில் நாலு ஸ்டேஷன் தள்ளி ஊட்ரம் பார்க்கில் இறங்கினால் பொது மருத்துவமனை நிற்கிறதே, அந்தப் பக்கம். அலெக்சாண்ட்ரா முகாமில் 1915 பிப்ரவரி 15 அன்று இருந்தவர்கள் தமிழர்கள் இல்லை. 5ஆம் லைட் இன்ஃபன்ட்ரியின் வட இந்திய முஸ்லிம் வீரர்கள். மறுநாள் ஹாங்காங் கப்பல் ஏற வேண்டியவர்கள். உண்மையில் துருக்கியோடு சண்டை போடத்தான் கொண்டுபோகிறார்கள் என்று முகாமில் பேச்சு. காலையில் வழியனுப்பு அணிவகுப்பு முடிந்தது. சீனப் புத்தாண்டு விடுமுறை வேறு. பிற்பகலில் தோட்டாப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது முதல் வெடி கேட்டது. சிப்பாய்கள் லாரியைப் பிடித்துப் பெட்டிகளை உடைத்தார்கள்.

இந்தக் கலகத்துக்கு கதர் கட்சி, துருக்கி, ஜெர்மானியக் கைதிகள், கர்னலின் திறமைக் குறைவு என்று பல காரணங்கள் அடுக்குவார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். நான் பார்ப்பது அந்த லாரியை. அரை நூற்றாண்டில் கொழுப்பு போய் பித்தளை வந்துவிட்டது. வழவழக் குழலும் போய்விட்டது. ஆனா ஆளும் தோட்டாவும் ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற கணக்கு மட்டும் மாறலை. விசாரணை முடிந்து 47 பேரை ஊட்ரம் சிறைச்சுவருக்கு வெளியே, ஊர் பார்க்கச் சுட்டார்கள். பிறகு இங்கிருந்த இந்தியர்கள் எல்லோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. கலகத்தோடு சம்பந்தமே இல்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள்.

சுதந்திர சிங்கப்பூர் ராணுவம் கட்டத் தொடங்கியதும் முதலில் எடுத்த முடிவுகளில் ஒன்று தோட்டாவைச் சொந்தமாகச் செய்வது. 1967 சனவரியில் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் பதிவானது. ஜூரோங்கில் 5.56 மி.மீ. தோட்டா செய்தார்கள், பிறகு கோல்ட் கம்பெனியின் உரிமத்தில் எம்16 துப்பாக்கியும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், சிங்கப்பூரின் நாணயசாலையும் அதே நிறுவனத்தின் கீழ்தான் தொடங்கியது. காரணம் டூல் ரூமில் நின்றவர்களுக்குப் புரியும். உலோகப் பட்டையிலிருந்து வட்டத் தகடு வெட்டுவதுதான் இரண்டுக்கும் முதல் படி. வட்டத்தை அச்சடித்தால் காசு. கிண்ணமாக அழுத்தி, இழுத்து இழுத்து நீட்டினால் கூடு. குட்டி நாட்டுக்கு இரண்டுமே வெளியூரை நம்ப முடியாத சாமான்கள்.

அதே 1967இல் தேசிய சேவையும் வந்தது. எல்லா இனத்துப் பையன்களுக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே வரிப்பள்ளம் என்று சொல்ல ஆசைதான். முதல் பத்தாண்டு அளவில் மலாய் இளைஞர்களில் பெரும்பாலானோர் அழைக்கப்படவே இல்லை. சில பிரிவுகளில் அவர்களை ஏன் வைப்பதில்லை என்று 1987இல் லீ சியன் லூங் வெளிப்படையாகவே பேசினார். நாட்டுணர்வும் மதமும் மோதும் நிலையில் ஒரு வீரரை நிறுத்த விரும்பவில்லை என்பது சாரம். பிறகு நிறைய மாறியிருக்கிறது. ஆனா 1858இன் வழவழக் குழலைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பேச்சுதான். தமிழனான என் கைக்குத் துப்பாக்கி சுலபமாக வந்தது. அந்தச் சுலபத்தை நாங்கள் யாரும் முகாமில் பேசிக்கொண்டதில்லை.

சீட்டிங் டையோடு வீட்டில் உட்கார இந்த ஊரில் வழியில்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. துப்பாக்கியே தேவையில்லை, தோட்டா போதும். இங்கே போட்டிகளில் சுடுபவர்களின் .22 தோட்டாவோ மறுபடி நிரப்ப முடியாத ரகம். பிரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். அந்த விளையாட்டில் டைக்குப் பதிலாகத் தேர்ந்தெடுப்பது பெட்டி எண்ணை. ஒரே ஆலை, ஒரே பெயர், ஒரே விலை என்றாலும் ஒரு தொகுதி தன் குழலுக்கு ஒத்துவரும், இன்னொன்று வராது. துப்பாக்கியை இறுகப் பிடித்துவைத்துத் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, பொருந்தியதை மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள்.

மற்ற எங்களுக்கு ரேஞ்ச்தான். சுட்டு முடித்ததும் கூடுகளைப் பொறுக்கி எண்ணுவோம். கணக்கில் ஒன்று குறைந்தால் மொத்தப் பிரிவும் குனிந்து புல்லைத் தடவும். எண்ணிக்கை சரியானதும் ஒவ்வொருவராக விறைப்பாக நின்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லணும்: என்னிடம் சுடாத தோட்டாவும் இல்லை, காலிக் கூடும் இல்லை, சார்.