க்ரூயா
குதிரை வீடியோக்களில் சாம்பலாகத் தெரிகிற எல்லாவற்றையும் இப்போது 'க்ரூயா' என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்பானிய மொழியில் அது ஒரு பறவை: நெடுங்கால், ஈயச் சாம்பல் உடம்பு, பெருங்கொக்கு. அமெரிக்க மேற்கின் கௌபாய்கள் வாயில் புகுந்தபோது பறவை பறந்துபோய் நிறம் மட்டும் தங்கியது. ஆணுக்கு க்ரூயோ, பெண்ணுக்கு க்ரூயா என்ற வேற்றுமையையும் அங்கே பலர் பார்ப்பதில்லை. அந்தப் பறவை லத்தீனில் 'க்ரூஸ்', பிரெஞ்சில் 'க்ரூ'. கொக்கின் கால் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடர்தான், நாய் வாங்கப் போனால் நம் காதில் விழும் 'பெடிக்ரீ'! வம்சாவளிப் படத்தில் கிளை பிரியும் கோடுகள் கொக்குத் தடம்போல் இருந்தனவாம். சாதாரணச் சாம்பல் குதிரை கருத்தோ சிவந்தோ பிறந்து, வெள்ளை மயிர் கலந்து, வயதாக ஆக வெளுக்கும். க்ரூயா வெளுக்காது. அது கருங்குதிரையின் 'டன்' வடிவம், அதாவது உடம்பு நிறம் மங்கிய வகை. உடம்பு மயிரில் நிறமி ஒரு பக்கமாகவே படிவதால் எலி நிறம் வருகிறது. முகம் கருமை, பிடரியிலிருந்து வால்வரை ஒரே கருங்கோடு, முழங்காலில் வரிக்குதிரைக்குப் போலப் பட்டைகள். தமிழில் இதற்குப் பெயர் தேடி 'கொக்கு நிறம்' என்றால் நம்மாள் வெள்ளை என்றுதான் எடுத்துக்கொள்வான். மாட்டுக்குச் சொல்லும் 'மயிலை' கிட்டத்தில் வருகிறது. ஆனால் மயிலைக் காளைக்கு இந்த முதுகுக்கோடு கிடையாது. என் ஓட்டு 'வரிச்சாம்பல்' என்பதற்கு; முதுகைப் பார்க்காமல் அந்தப் பெயரை வைக்க முடியாது.